மல்லாட்டைத் தோலும் எலித் தோலும்

"மல்லாட்டையில புற்றுநோயைத் தடுக்கிற சத்து இருக்குதாம், அதைச் சொல்லியே செக்கு எண்ணெய் விக்கலாமே" என்று நம் கூட்டங்களில் நண்பர்கள் கேட்கிறார்கள். டிஎம்வி ரகம் என்றால் திண்டிவனம் என்று பெயரிலேயே இருக்கிற மண் நம்முடையது. ஆசை வருவது இயல்புதான். பேச்சுக்கு அடிப்படையும் இருக்கிறது. ஆனால் அது எதுவரை செல்லும்? வங்கியில் இருந்தவரை, நிலத்தைப் போய்ப் பார்க்காமல் எந்தக் கடன் மனுவிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் அப்படியே பார்ப்போம்.

அந்தச் சத்தின் பெயர் ரெஸ்வெரட்ரால். மல்லாட்டைச் செடி அதை நமக்காகச் செய்வதில்லை. பூஞ்சாணம் தாக்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துகொள்கிறது.

1997 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஜான் பெசுட்டோ குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெரு நாட்டில் சேகரித்த, நம்ம ஆவாரைக்கு உறவான ஒரு செடியிலிருந்து ரெஸ்வெரட்ராலைப் பிரித்தெடுத்தார்கள். சுண்டெலியின் தோலில், மரபணுவைக் கெடுக்கும் டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளை ஒருமுறை தடவினார்கள். பிறகு, கெட்ட செல்லைக் கட்டியாக வளர்க்கும் டிபிஏவை வாரம் இருமுறை, 18 வாரம் தடவினார்கள். கூடவே ரெஸ்வெரட்ராலும் தடவிய எலிகளில் கட்டிகள் 68 முதல் 98 சதவீதம் வரை குறைந்தன. நமக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், துளசியில் உள்ள ரோஸ்மரினிக் அமிலத்தை எலித் தோலில் டிஎம்பிஏ உண்டாக்கும் கட்டிக்கு எதிராகச் சோதித்து, நல்ல பலனை 2012-இல் வெளியிட்டார்கள்.

சரி, கட்டியை வளர்த்த அந்த டிபிஏ எங்கிருந்து வந்தது? நேர்வாளக் கொட்டை எண்ணெயிலிருந்து! சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்காத அதே நேர்வாளம்தான். தடுத்ததும் தாவரம், வளர்த்ததும் தாவரம். 'செடியிலிருந்து வந்தது, அதனால் நல்லது' என்ற வாதம் இங்கே நிற்காது.

அடுத்தது கணக்கு. சோதனையின் உச்ச அளவு ஒரு தடவைக்கு சுமார் 5.7 மில்லிகிராம், அதுவும் ஒரு சுண்டெலிக்கு, நேராகத் தோலில். வேகவைத்த மல்லாட்டை ஒரு கிலோவிலேயே ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான் இருக்கும். வறுத்ததில் இன்னும் குறைவு. சாப்பிட்டால் குடலும் ஈரலும் அதைச் சீக்கிரமே வேறு பொருளாக மாற்றிவிடும். மனிதருக்குத் தோல் புற்றுநோயை இது தடுக்கும் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆறாத புண்ணோ உருமாறும் மச்சமோ இருந்தால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். உணவு பற்றித் தவறாக விளம்பரம் செய்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் இதில் நமக்கு ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மண் வறண்டு சூடேறினால், பருப்பில் ஈரம் குறைந்து, ரெஸ்வெரட்ரால் போன்ற காப்புப் பொருள்களைச் செய்யும் திறன் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சாணம் நுழைந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது இந்த நஞ்சேறிய கடலைப் புண்ணாக்கால்தான். இது எலியோடு நிற்கிற சங்கதியும் இல்லை. மனிதருக்கே ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. மாடு தின்றால் பாலிலும் வரும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

• காய் முற்றும் பருவத்தில் தண்ணீர் காட்டத் தவறாதீர்கள்.

• பறிக்கும்போது காயில் கொத்து படாமல் பாருங்கள்.

• ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வையுங்கள். ஆட்டினால் பருப்பு சலசலக்க வேண்டும்.

• தொலி உடைக்கத் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தை விடுங்கள்.

• சொத்தை, சுருங்கல், பூஞ்சாணம் பூத்த பருப்பைப் பொறுக்கி எடுங்கள். அதைச் செக்கிலும் போடக்கூடாது, மாட்டுக்கும் வைக்கக்கூடாது.

எண்ணெய் பாட்டிலில் 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று எழுத வேண்டாம். 'நன்றாகக் காயவைத்து, பொறுக்கியெடுத்த பருப்பில் ஆட்டியது' என்று எழுதுங்கள். சந்தேகம் இருப்பவர் நம் களத்துக்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.