விரல்ல டைட், குதிகால்ல லூஸ்... பெண்களுக்கு ஷூ பொருந்தாமல் போவது ஏன்?

“எனக்கு எப்பவுமே 5-ம் நம்பர்தான்.” ஷூ கடையில் பெண்கள் சர்வசாதாரணமாகச் சொல்வது இது. ஆனால் அந்த நம்பர் பெரும்பாலும் காலேஜ் காலத்தில் அளந்தது!

சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை ஸ்கேன் செய்தது. இந்தியப் பெண்களின் பாத வளர்ச்சி சராசரியாக 11 வயதில் உச்சத்தைத் தொடுவதாக அதில் தெரியவந்தது. வளர்ச்சி நின்றாலும் மாற்றம் நிற்பதில்லை என்பதுதான் விஷயம்.

முதல் பெரிய மாற்றம் கர்ப்பத்தில். உடல் எடை கூடுகிறது, தசைநார்கள் தளர்கின்றன, உள்ளங்கால் வளைவு தாழ்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 49 கர்ப்பிணிகளில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குப் பாதம் நீண்டும் அகன்றும் இருந்தது. குழந்தை பிறந்து ஐந்து மாதம் கழித்து அளந்தபோதும் அது பழையபடி திரும்பவில்லை.

அடுத்தது நடுத்தர வயது. குதிகாலுக்கு மெத்தைபோல இருக்கும் கொழுப்பு மெலிகிறது, முன்பாதம் இன்னும் விரிகிறது. சிலருக்குக் கட்டைவிரல் உள்பக்கமாகச் சாயவும் தொடங்கும்.

பெண்களுக்கு முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுக்கம். ஆனால் ஆண்களின் அச்சையே சுருக்கிச் செய்த ஷூக்கள்தான் நீண்டகாலம் ‘லேடீஸ்’ பிரிவில் விற்கப்பட்டன. கலர் மட்டும் பிங்க்! விளைவு, நகம் கறுப்பது, கால் ஆணி, குதிகால் வலி. “வயசாயிடுச்சு” என்று வாக்கிங்கையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் சரியாகிவிடுமா? பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். தேவைப்படுவது அகலம் என்றால், குதிகால்தான் கழலும். அதனால் அகலமான மாடல் கேட்டு வாங்குவது நல்லது. அமெரிக்க முறையில் பெண்களுக்கு ‘பி’ சாதாரண அகலம், ‘டி’ அகலமானது.

அம்மாவுக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் பழைய செருப்பின் நம்பரைப் பார்க்காமல், சாயங்காலம் அவரைப் பேப்பரில் நிற்க வைத்து இரண்டு காலையும் அளக்கலாம். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. பெரிய காலுக்கே ஷூ. நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடைவெளி வேண்டும்.

முன்பக்கம் சரியாக இருந்து குதிகால் மட்டும் லூசா? பல ரன்னிங் ஷூக்களில் மேலே ஒரு துளை கூடுதலாக இருக்கும். அதில் லேஸைக் கோத்து இறுக்கினால் குதிகால் நழுவாது.