உப்புக் காற்றிலிருந்து ஊர் மாறும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை வாங்கும்போது கடைக்காரரே வீட்டிற்கு ஆளை அனுப்பி, பெட்டியைப் பிரித்து, கேபிள்களை மாட்டி, இயக்கியும் காட்டிவிடுகிறார். அதன் பின்னர் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. வீடு மாறும் நாள் வரும்போதுதான், எந்த ஒயர் எங்கிருந்து எங்கு போகிறது என்ற கவலை வருகிறது. அதே தெருவில் வேறு வீடு என்றால் கையில் தூக்கிக் கொண்டு போய்விடலாம். நானூறு, ஐந்நூறு கிலோ மீட்டர் லாரியில் போக வேண்டும் என்றால் சற்றுத் திட்டமிட வேண்டும்.

நாங்கள் சென்ற ஆண்டு மே மாதம் மரக்காணத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் குடி பெயர்ந்தோம். சுமார் 400 கிலோ மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி சென்றவர்கள் மரக்காணத்தைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் கண்ணாடி பதித்தது போன்ற பாத்திகள், வெள்ளைக் குவியல்களாக உப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம் போல உப்புக்குப் பெயர் பெற்ற ஊர். கம்ப்யூட்டரை எப்படிப் பேக் செய்வது எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் தெர்மோகோல், அட்டைப் பெட்டி பற்றிச் சொல்கிறார்கள். உப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதனைத்தான்.

பெட்டிக்குள் இருக்கும் உப்பு

கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், இரும்பு பீரோவின் அடிப்பகுதி எல்லாம் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் தூசியாக வீட்டிற்குள் வருகின்றன. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபேன்கள் நாள் முழுவதும் இந்தக் காற்றை உள்ளே இழுத்து, மதர்போர்டு மீதும் பவர் சப்ளை மீதும் பூசிக் கொண்டிருக்கின்றன.

காய்ந்த உப்பு சும்மா கிடந்தால் அதிகக் கெடுதல் இல்லை. ஈரமானால்தான் வம்பு. சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழைக் காலத்தில் நீர் விட்டுக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் இருந்தாலே போதும். அப்படிக் கரைந்த உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பையும் இரும்பையும் அரிக்கும். ராம் ஸ்லாட்டிலும் யு.எஸ்.பி. துளைகளிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் இந்த வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த நிலையில் கம்ப்யூட்டரைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி இரண்டு நாள் லாரியில் அனுப்பினால், உப்பையும் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்தது போல் ஆகிவிடும். எனவே பேக் செய்வதற்கு முன் தூசி எடுக்க வேண்டும். வாரண்டி காலம் முடியாத கம்ப்யூட்டர் என்றால், கேபினட்டைத் திறக்கலாமா என்று வாங்கிய கடையில் கேட்டுக் கொள்ளுங்கள். சில கேபினட்களில் ஸ்குரூ மீது ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

திறக்கலாம் என்றால், பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டின் ஸ்குரூக்களை எடுத்து, வராந்தாவில் வைத்துப் புளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள்; காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழலக் கூடாது. மூலைகளுக்குப் புதிய பெயிண்ட் பிரஷ் போதும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். வீட்டு வேக்யூம் கிளீனரும் வேண்டாம். அதன் குழாய் முனையில் உண்டாகும் நிலை மின்சாரம் சிப்களைக் கெடுக்கக் கூடும். பூத்துப் போன இணைப்புகளை எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். கேபிளை எடுத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

பேக் செய்ய நேரமும் பார்க்க வேண்டும். ராகு காலத்தைச் சொல்லவில்லை! மே, ஜூன் மாதங்களில் எங்கள் பக்கம் காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். மதியத்தில் கடல் காற்று திரும்பிவிடும். வெயில் ஏறிய பின், கடல் காற்று திரும்புவதற்கு முன், அதாவது பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் மூடி ஒட்டிவிட்டால் உள்ளே போகும் ஈரம் குறைவு. புது செருப்பு, கேமரா பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், நான்கைந்தை உள்ளே போடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் வீடு மாறுவதைத் தவிர்த்தால் நல்லது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இங்கிருந்து அதிகத் தொலைவு இல்லாத மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தரையில் வைத்த சி.பி.யூ.வுக்கு அரை அடித் தண்ணீர் போதும்.

உமணர்களின் சேம அச்சு

உப்பு வண்டிகளுடன் குடும்பமாக ஊர் ஊராகப் போன உமணர்களைப் பற்றிச் சங்கப் பாடல்கள் நிறையச் சொல்கின்றன. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி எப்போது அச்சு முறியும் என்று தெரியாது என்பதால், இன்னொரு அச்சை வண்டியின் அடியிலேயே கட்டிக் கொண்டு போவார்களாம். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் இதனைக் கூறுகிறார். சேம அச்சு என்று அதற்குப் பெயர். இன்று நாம் பேக் அப் என்று அழைப்பது இதைத்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு. அச்சை அதே வண்டியில் கட்டலாம். ஃபைல்களின் பிரதியை அதே வண்டியில் அனுப்பக் கூடாது. லாரி கவிழ்ந்தாலோ, மழையில் நனைந்தாலோ, பெட்டி காணாமல் போனாலோ இரண்டும் சேர்ந்தே போய்விடும். மானிட்டரை, கீபோர்டை மறுநாளே வாங்கிக் கொள்ளலாம். எங்கள் கம்ப்யூட்டரில் அப்பா எட்டு ஆண்டுகள் எழுதிய உப்பளக் கணக்கு இருந்தது. எந்தப் பாத்தியில் எவ்வளவு வாரினோம், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என எல்லாம். அப்பா இப்போது இல்லை. அந்தக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனவே இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் காபி செய்தேன். ஒன்று பஸ்ஸில் என் மடியில் வந்தது. மற்றொன்றைத் திண்டிவனத்தில் அக்காவிடம் கொடுத்தேன். "இதுல என்னடா இருக்கு, தங்கமா?" என்றார் அக்கா. "அப்பா கணக்குக்கா" என்றேன். வாங்கிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குச் சில குறிப்புகள். ஃபைல்களைக் காபி செய்திடுங்கள், கட் செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் சிக்கல். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களுடன் நிறுத்திவிட வேண்டாம். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் போல்டரிலும்தான் பலர் முக்கியமானவற்றைப் போட்டு வைக்கிறார்கள். டேலி போன்ற கணக்கு புரோகிராம்கள் தங்கள் டேட்டாவை வேறு போல்டரில் வைத்திருக்கலாம். அதனையும் தேடி எடுங்கள். முடிந்த பின் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, பத்துப் பதினைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். காபி ஆகிவிட்டது என்று திரையில் வந்த செய்தியை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னும் ஒன்று. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் நிலையில் உள்ளதா எனப் பாருங்கள். ஆன் என்றால், 48 இலக்கங்கள் கொண்ட ரெகவரி கீ ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் பதிவாகியிருக்கும். அதனைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக் கொள்ளுங்கள். மதர்போர்டு அமைப்புகள் மாறிவிட்டால், புது வீட்டில் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கழற்றுவதும் கட்டுவதும்

கழற்றுவதற்கு முன் பின்பக்கத்தை மொபைல் போனில் நான்கு படம் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கேபிளிலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் பெயர் எழுதுங்கள். கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் வைத்து அணைத்ததாக நினைக்க வேண்டாம். ஷிப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் தேர்ந்தெடுத்தால் முழுமையாக நிற்கும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பைக்குள் விழித்துக் கொண்டால் சூடேறிவிடும். ஹார்ட் டிஸ்க் சுழலும்போது அதன் தலைப்பகுதி தட்டின் மேல் மயிரிழையை விட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. நின்ற டிஸ்க் தாங்கும் அதிர்ச்சியை ஓடும் டிஸ்க் தாங்காது.

வாங்கிய போது வந்த அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் இருந்தால் அதனை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. இல்லையென்றால் பழைய போர்வை, பெட்ஷீட் போதும். கேபினட்டில் பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால், தெரிந்தவரைக் கொண்டு கழற்றித் தனியே கொண்டு செல்லுங்கள். குலுக்கலில் அதன் எடையே ஸ்லாட்டை உடைக்கும். மானிட்டரைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, திரைப்பக்கம் மெத்தையை ஒட்டியபடி வையுங்கள். வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவரை மவுஸின் உள்ளேயே பேட்டரி பக்கத்தில் செருகி வைத்தால் தொலையாது. இங்க் டேங்க் பிரிண்டரைச் சாய்க்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படியே; சாய்ந்தால் ஆசிட் வழியும். அதனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

குட்டி யானையோ லாரியோ, சி.பி.யூ.வை டிரைவர் கேபினை ஒட்டிய பகுதியில் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் அதிகம் துள்ளுவது வண்டியின் வால் பகுதிதான். ஏற்ற வந்த தம்பிகளிடம் "இது கம்ப்யூட்டர், மேலே எதுவும் வைக்காதீங்க" என்று வாயால் சொன்னதோடு, பெட்டியின் மேல் பெரிதாக எழுதியும் வைத்தேன். ஏற்றுபவர் ஒருவர், இறக்குபவர் வேறொருவர் அல்லவா? பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. பிரிக்காத புதுப் பெட்டி ஏதாவது இருந்தால் அதற்கான பில்லைக் கையில் வைத்திருங்கள்.

புது வீட்டில்

இறக்கியவுடன் சுவிட்ச் போடாதீர்கள். சில மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்து, அறையின் சூட்டுக்கு வரட்டும். அதற்குள் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா எனப் பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, மானிட்டர் மட்டும் இருட்டாக இருக்கிறதா? தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மானிட்டர் கேபிளை மதர்போர்டு துளையில் மாட்டியிருப்பீர்கள். கார்டின் துளைக்கு மாற்றுங்கள். உயிரே இல்லையா? பின்பக்கம், பவர் கேபிளின் அருகில் கோடும் வட்டமும் போட்ட சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு உள்ள பக்கம் அழுத்தியிருக்க வேண்டும். பீப் ஒலி வந்தால் ராம் தளர்ந்திருக்கலாம்.

எல்லாம் ஓடியும் இணைய தளங்கள் பாதுகாப்பானவை அல்ல என்று எச்சரிக்கை வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்திருந்தால், தினமும் பிளக்கில் இருக்கும் வரை தெரியாது. இரண்டு நாள் கழற்றி வைத்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புது இணைப்பு கொடுத்தவர்கள் மீது குறை சொல்லிக் கொண்டிருந்தார். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் எல்லாத் தளங்களும் திறந்தன.

புது வை-பை ரவுட்டரில் பழைய வீட்டில் இருந்த அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுத்துவிடுங்கள். போன், டி.வி., லேப்டாப், பிரிண்டர் பெரும்பாலும் தாமாகவே இணைந்து கொள்ளும். பழைய இணைப்புடன் வந்த பைபர் மோடம் பல நேரங்களில் கம்பெனியின் சொத்து. கழற்றி எடுத்து வருவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன என்று தெரிந்த பின்னும் பேக் அப் டிஸ்க்குகளை அழிக்க அவசரப்பட வேண்டாம். குலுங்கி வந்த ஹார்ட் டிஸ்க் சில வாரங்கள் கழித்தும் தகராறு செய்யலாம். அக்காவின் பீரோவில் இருக்கும் டிஸ்க்கை நான் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.