ஊசி வழி – 9: பைக்கும் ஓர் அளவு ஜாக்கெட்

தையல்கடைக்குப் புது பிளவுஸ் துணி எடுத்துப்போகும்போது கூடவே ஓர் அளவு ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டு வருவோம். டேப்பை எடுக்காமலே அதைப் பார்த்துப் புதியதை வெட்டிவிடுவார் டெய்லர். பேட்டர்ன் என்பதும் இதே வேலைதான். பழைய ஜாக்கெட் இருந்த இடத்தில் தாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் என்ற டெய்லர் 1863-ல் சின்னவர், பெரியவர் என்று அளவு வாரியாகத் தாள் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். சட்டைக்கும் கவுனுக்கும் வந்த அந்த வழக்கம்தான் பிறகு பைக்கும் வந்தது.

சரி, கைப்பை தைக்க யார் உடம்பை அளப்பது? உள்ளே போகப்போகிற சாமான்களின் உடம்பைத்தான்.

நம் வீடுகளில் தைக்கிற துணிப்பைக்கு அடி கிடையாது. இரண்டு துண்டை மூன்று பக்கம் அடித்தால் பை. காய்கறிக்கு அது போதும். டிபன் பாக்ஸை வைத்தால் சாய்ந்துகொள்ளும். சாம்பார் எங்கே போகும் என்று ஆபீஸுக்குப் பஸ் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். பாக்ஸ் நிமிர்ந்து உட்கார ஓர் அடி வேண்டும். அந்த அடி துணியில் தனியாக இல்லை. மூலையில் வெட்டி எடுக்கும் ஒரு சதுரத்தில் இருக்கிறது. இந்த வாரம் நான் சொல்ல ஆசைப்படுவது அந்தச் சதுரத்தைப் பற்றித்தான்.

தினமும் கொண்டுபோகிறவற்றை மேசைமேல் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். என் டிபன் பாக்ஸ் 6 அங்குல நீளம், 4½ அங்குல அகலம். தண்ணீர் பாட்டில் 3 அங்குலக் கனம், 11 அங்குல உயரம். மடக்குக் குடைக்கு 2 அங்குலம். கை நுழைய ஓர் அங்குலம் சேர்த்தால் பையின் அகலம் 12. பாட்டில் மூழ்க உயரம் 12. பாக்ஸ் உட்கார ஆழம் 5.

இப்போது பிரவுன் பேப்பரை விரியுங்கள். அடியின் ஆழத்தில் பாதிதான் மூலைச் சதுரம். ஆகவே 2½ அங்குலம். தாளின் அகலம்: 12, அதோடு ஆழம் 5, தையலுக்கு இரு பக்கமும் அரை அரை அங்குலம், மொத்தம் 18. உயரம்: 12, அதோடு ஆழத்தில் பாதி 2½, தையலுக்கு 1, மொத்தம் 15½. கீழ் மூலைகள் இரண்டிலும் 2½ அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். இந்தத் தாளை வைத்துத் துணியில் இரண்டு துண்டு வெட்டி, பக்கங்களையும் அடியையும் தைத்தபின் ஓட்டையாக நிற்கும் அந்த மூலையை விரித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி பிடித்து, குறுக்கே ஒரு தையல். பை எழுந்து நிற்கும். எத்தனையோ தடவை தைத்துவிட்டேன், இந்த இடம் வரும்போது இன்னும் மனசு துள்ளுகிறது.

பேட்டர்னை அச்செடுத்து வெட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தாளின் ஓரத்தில் சோதனைக் கட்டம் ஒன்று போட்டிருப்பார்கள். கத்தரியை எடுக்குமுன் ஸ்கேலை எடுத்து அதை அளங்கள். நான் ஒருமுறை ஜெராக்ஸ் கடையில் எடுத்த அச்சில் 2 அங்குலக் கட்டம் அரைக்கால் அங்குலம் குறைந்திருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று மெஷினே சுருக்கியிருக்கிறது. அரைக்கால்தானே என்று நினைக்கத் தோன்றும். 12 அங்குலத்தில் அது முக்கால் அங்குலம். துணியை வெட்டியபிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

துணிக்குச் சென்னிமலைப் போர்வையை எடுத்துக்கொண்டேன். கைத்தறிப் பருத்தி, முதலில் நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள், சுருங்குவதெல்லாம் வெட்டுமுன் சுருங்கட்டும். பேட்டர்னில் இருக்கும் அம்புக்குறி பாவு நூலோடு, அதாவது துணியின் நீளவாக்கு நூலோடு ஓட வேண்டும். பாவு அதிகம் இழுபடாது. அகலவாக்கில் போகும் ஊடை கொஞ்சம் கொடுக்கும். மூலைவாக்கில் வெட்டினால் ரப்பர்போல் நீளும். கைப்பிடி விஷயத்தில் இது கட்டாயம். 4 அங்குல அகலத்தில் 24 அங்குலப் பட்டி இரண்டு, பாவு வாக்கில். இரு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, திரும்பவும் பாதியாக மடித்தால் நான்கு மடிப்பில் ஓர் அங்குலப் பிடி. இரு ஓரமும் தையல்.

போர்வைத் துணி தனியே நிற்காது, தொய்யும். உள்பக்கம் ஒட்டுக் கேன்வாஸ் கொடுங்கள். தையலுக்கு விட்ட அரை அங்குலத்தைக் கழித்து அதை வெட்டினால் மூலையில் மொத்தை சேராது. இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காதீர்கள், வைத்து அழுத்தி எடுங்கள். ஊசி 16-ம் நம்பர். கனமான இடத்தில் பெடலை விட்டுவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்; மிதித்தால் ஊசி முறியும்.

லைனிங்குக்கு அப்பாவின் பழைய வேட்டி. அதே பேட்டர்ன்தான். ஆனால் தையலை அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டால் லைனிங் சற்றுச் சிறுத்து, பைக்குள் சுருங்கி நிற்காது.

ஈரோட்டில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அம்மா லைனிங் தைக்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி கேட்பார்: “வாய் உட்டியா கண்ணு?” லைனிங்கின் அடியில் 6 அங்குலம் தைக்காமல் விட வேண்டும், அதுதான் வாய். வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே தெரிய, உள்பக்கம் வெளியே இருக்கும் லைனிங்குக்குள் இறக்கி, கைப்பிடிகளை இடையில் செருகி மேல்விளிம்பைச் சுற்றித் தைத்துவிட்டால், பை முழுதும் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். விட மறந்தால் பிரிக்க வேண்டியதுதான்.

புரட்டியாயிற்றா? மூலைகளைப் பென்சில் மழுங்கல் பக்கத்தால் தள்ளி, வாயைத் தைத்து, விளிம்பில் இன்னொரு தையல் ஓட்டுங்கள். பிரவுன் பேப்பரைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். பாக்ஸ், பாட்டில், குடை அளவுகளை அதன்மேலேயே எழுதி, ஓர் ஓட்டை போட்டு ஆணியில் மாட்டுங்கள். என் ஆணியில் இப்போது ஏழு தொங்குகின்றன. அதில் ஒன்று தங்கை மகளின் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு.

அடுத்த வாரம் இதே பைக்கு உள்ளே ஒரு ஜிப் பாக்கெட்.

(தொடரும்)