புளியறைக்கு அந்தப் பக்கம்: கம்யூனிஸ்ட் அரசுக்கு 'முடியாது'ன்னு சொன்னது யாரு?

புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறினா ஆரியங்காவு, கேரளா. ஆனா 1956 அக்டோபர் வரைக்கும் புளியறையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு. நவம்பர் 1-ல செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அஞ்சு மாசம் கழிச்சு, 1957 ஏப்ரல் 5-ல, மலைக்கு அந்தப் பக்கம் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்றது. தேர்தல்ல ஜெயிச்சு வந்த அரசு.

அப்போ பலர் பயந்தாங்க. காரணம் இருந்தது. 1956 நவம்பர் 4-ல சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள்ள நுழைஞ்சு ஹங்கேரி மக்களோட எழுச்சியை நசுக்கின. சோவியத் யூனியன்ல ஒரே கட்சி. ஒரு புத்தகம் அச்சாகணும்னா 'கிளாவ்லிட்'ங்கிற தணிக்கை அலுவலகம் அனுமதிக்கணும். கிழக்கு ஜெர்மனியில 1989-ல சுமார் 1.6 கோடி மக்கள். அவங்களைக் கண்காணிச்ச 'ஸ்டாசி'யில முழுநேர ஊழியர்கள் மட்டும் 90,000 பேர். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிறவர்னு ரகசியமா தகவல் கொடுத்தவங்க அதுக்கும் மேல.

அப்போ கேரளாவுல ஏன் அப்படி நடக்கல?

கல்வி மசோதாவைப் பார்ப்போம். 1957-ல கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்தது. அரசு உதவி வாங்குற தனியார் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பணியாளர் தேர்வாணையம்தான் தேர்வு செய்யும். தேவைப்பட்டா பள்ளி நிர்வாகத்தையே அரசு எடுத்துக்கலாம். மேனேஜர் தயவுல வேலை பார்த்த வாத்தியாருக்கு இது பாதுகாப்பு. ஆனா கிறிஸ்தவ சபைகளும் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் வேற மாதிரி பார்த்தாங்க: வாத்தியாரைக் கட்சி தேர்ந்தெடுத்தா, பிள்ளைங்க என்ன படிக்கணும்ங்கிறதையும் கட்சிதானே முடிவு பண்ணும்? ரெண்டு பேர் கவலையும் நியாயமானதுதான்.

ஆளுநர் கையெழுத்துப் போடாம மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அவர் உச்ச நீதிமன்றத்தோட கருத்தைக் கேட்டார். 1958 மே மாசம், சில பிரிவுகள் சிறுபான்மையினரோட உரிமைக்கு எதிரானதுன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. அரசு மசோதாவைத் திருத்துச்சு. மலையாள மனோரமா மாதிரி பத்திரிகைகள் அரசை எதிர்த்து எழுதிட்டேதான் இருந்தாங்க. மாஸ்கோவுல இதுல ஒண்ணாவது நடந்திருக்குமா?

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, அங்கே அட்மின் பர்மிஷன் மொத்தமும் ஒரே கட்சி கையில. இங்கே அது பல பேர்கிட்ட பிரிஞ்சிருந்தது.

ஆனா கதையில ஒரு திருப்பம் இருக்கு. 1959-ல 'விமோசன சமரம்'ங்கிற போராட்டம் வெடிச்சது. அங்கமாலி போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ஏழு பேர் செத்தாங்க. இந்த அரசும் அப்பாவி கிடையாது. ஆனா ஜூலை 31-ல, சட்டசபையில பெரும்பான்மை இருந்தும், மத்திய அரசு 356-வது பிரிவைப் பயன்படுத்தி ஆட்சியைக் கலைச்சது. அந்தத் தடவை கட்டுப்பாடு இல்லாம இருந்தது டெல்லியோட அதிகாரம். 1994-ல எஸ்.ஆர். பொம்மை வழக்குலதான் உச்ச நீதிமன்றம் அதுக்குத் தெளிவான கடிவாளம் போட்டுச்சு: பெரும்பான்மையைச் சபையில சோதிக்கணும், கலைச்சது சரியான்னு நீதிமன்றம் விசாரிக்கலாம்.

அதனால எந்தக் கொடி பறந்தாலும் நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இவங்களுக்கு 'முடியாது'ன்னு சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கு? சொன்னதுக்கு அப்புறமும் அவங்க பத்திரமா வீட்டுக்குப் போக முடியுமா?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.