வளைவது காலமே

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே கயிறுமில்லை, சங்கிலியுமில்லை. ஆயினும் அவை ஒன்றையொன்று ஆகர்ஷிக்கின்றன என்று 1687-ஆம் ஆண்டில் கணித ரூபமாக நிறுவிய நியூட்டனே, இடையில் யாதொரு சாதனமுமின்றி ஒரு பொருள் தொலைவிலுள்ள மற்றொன்றை இழுக்கும் என்பது அபத்தம் என்று, 1693-இல் பென்ட்லி என்னும் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இழுப்பு எவ்வளவு என்பதை அவருடைய விதி சொல்லிற்று. எப்படி என்பதைச் சொல்லவில்லை.

அதற்கு 1915-இல் விடை கண்ட ஐன்ஸ்டைன், இழுக்கும் சக்தி என்ற எண்ணத்தையே கைவிட்டார். வெளியும் காலமும் சேர்ந்த காலவெளி பொருள்களின் சாந்நித்தியத்தால் வளைகிறதென்றும், தடையின்றிச் செல்லும் பொருள் அந்த வளைவினூடே தன்னால் இயன்ற அளவு நேராகவே செல்கிறதென்றும் அவர் கூறினார். இதை விளக்க, விரித்த ரப்பர்த் துணியின் நடுவே இரும்புக் குண்டை வைத்துக் காட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. குண்டு துணியை அமுக்குவதற்கே பூமியின் ஆகர்ஷணம் வேண்டியிருக்கிறது. காலமோ அதில் தலைகாட்டுவதே இல்லை.

மேலே எறிந்த பந்து ஐந்து மீட்டர் எழும்பி, இரண்டு வினாடியில் கைக்குத் திரும்புகிறது. காற்றின் தடையை மறந்துவிட்டால், இரண்டு வினாடி பறந்து புறப்பட்ட மட்டத்துக்கே வரும் துப்பாக்கி ரவையும் அதே ஐந்து மீட்டர்தான் எழும்பும். கண்ணுக்கு ஒன்று செங்குத்து, மற்றொன்று ஏறக்குறைய கிடைக்கோடு. ஆனால் காலத்தையும் ஒளியின் வேகத்தால் தூரமாக மாற்றி அளந்தால், இரண்டு வினாடி என்பது 6 லட்சம் கிலோமீட்டர். அத்தனை நீளத்தில் ஐந்து மீட்டர் மேடு என்ற அற்ப வளைவு இரண்டுக்கும் பொதுவாகி விடுகிறது. நாம் ஈர்ப்பு என்று அனுபவிப்பதெல்லாம் பெரும்பாலும் காலத்தின் வளைவே.

ஆகர்ஷணம் மெலிந்து, வேகமும் குறைந்த இடங்களில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் நியூட்டனின் விதியாகவே சுருங்கிவிடுகின்றன. சூரியனை நெருங்கிச் சுற்றும் புதனிடத்தில்தான் வித்தியாசம் புலப்பட்டது: அதன் நீள்வட்டம், மற்றக் கிரகங்களின் இழுப்பைக் கழித்த பின்னும், நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்புகிறது. 1859-இல் லெவெரியே என்னும் வானியலாளர் எழுப்பிய அந்தப் புதிர், புதிய கொள்கையில் தானாக அவிழ்ந்தது.

காலத்தின் வளைவையும் பிற்பாடு நேரில் அளந்தார்கள். 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கோபுரம் ஒன்றில் பவுண்டு, ரெப்கா என்ற இருவர், 22.5 மீட்டர் உயரத்துக்கிடையே காமாக் கதிர்களை அனுப்பிச் சோதித்தனர். அடியில் காலம் மெதுவாகவே நடந்தது. அந்த உயரத்தில் ஒரு கடிகாரத்தையும் அடியில் ஒன்றையும் வைத்தால், ஒரு வினாடி வேறுபடுவதற்கு ஏறக்குறைய 1.3 கோடி ஆண்டுகள் ஆகும்.