கைப்பேசியில் கடை வைக்கலாமா?



சம்பள நாளன்று சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்த வியாபாரியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டணத்தில் ஒரு விலைக்கு வாங்குவார். நம் வாசலில் இன்னொரு விலைக்கு விற்பார். அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருந்தது அவருடைய பிழைப்பு. பட்டணம் போய்வர நமக்கு வசதி இல்லாத காலத்தில், அவர் சைக்கிள் மிதித்த உழைப்புக்குத்தான் நாம் காசு கொடுத்தோம்.

இன்று அதே வியாபாரம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நம் நாட்டில் 2012-இல் லாஸாடாவும் 2015-இல் ஷாப்பியும் தொடங்கின. பேரங்காடியில் மலிவு விற்பனையில் போட்ட பொருளை வாங்கி, படம் எடுத்து, இந்தச் சந்தைகளில் கூடுதல் விலைக்கு விற்கும் இளைஞர்கள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள்.

அண்மையில் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரே, என் மகன் இப்படி வாங்கி விற்கிறான். இனிமேல் ஆலை வேலை வேண்டாம், இதையே முழுநேரமாகச் செய்கிறேன் என்கிறான். அவன் அப்பாவின் சேமநிதிப் பணத்தையும் முதலாகக் கேட்கிறான். கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். பேரங்காடியில் 25 வெள்ளிக்கு விற்ற தண்ணீர்ப் போத்தலை 14 வெள்ளிக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கி இணையத்தில் 25 வெள்ளிக்கு விற்கிறோம். லாபம் 11 வெள்ளி என்று மனம் சொல்லும். அது லாபம் அல்ல, வித்தியாசம்தான்.

இணையச் சந்தை தன் கழிவை எடுத்துக்கொள்ளும். பொருளுக்குப் பொருள் இது மாறும். நாம் 100-க்கு 15 என்று வைத்துக்கொண்டால் 3 வெள்ளி 75 காசு. பெட்டி, ஒட்டும் நாடா முதலியவற்றுக்கு 1 வெள்ளி 20 காசு. மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவில் ஒரு போத்தலின் பங்கு 1 வெள்ளி. அனுப்பும் செலவை வாங்குபவரே கொடுத்தாலும், மிஞ்சுவது 5 வெள்ளி 5 காசு.

பத்துப் போத்தலில் ஒன்று உடைந்து திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற ஒன்பதில் 45 வெள்ளி 45 காசு கிடைக்கும். உடைந்த ஒன்றில் 16 வெள்ளி 20 காசு போய்விடும். மீதி 29 வெள்ளி 25 காசு. அதாவது ஒரு போத்தலுக்கு 3 வெள்ளிகூட இல்லை.

2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையை இந்த வியாபாரத்தில் சம்பாதிக்க மாதம் 580 போத்தலுக்கு மேல் வாங்கி அனுப்ப வேண்டும். 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 22. பேரங்காடியில் மலிவாகப் போட்ட போத்தல் மொத்தம் எத்தனை இருக்கும்? நாற்பதோ ஐம்பதோ இருக்கலாம். அவை தீர்ந்ததும் வேறு கடை, வேறு பொருள் தேடி ஓட வேண்டும். சில்லறைக் கடையை நம்பிய வியாபாரத்தின் பெரிய பலவீனம் இதுதான். சரக்கு நம் கையில் இல்லை. கடைக்காரர் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு முதலாளி 100-க்கு 13 வீதம், மாதம் 221 வெள்ளி சேமநிதியில் கட்டுகிறார். வேலையை விட்டால் அதுவும் நிற்கும். சுயதொழில் செய்கிறவர்கள் சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். சேமநிதியிலும் தாமாகவே பணம் கட்டலாம். ஆனால் அந்தப் பணம் நம் பையிலிருந்துதான் போக வேண்டும்.

அப்படியானால் இந்த வியாபாரமே ஆகாதா? ஆகும். பழைய துணி வியாபாரி செய்ததை நினைத்துப் பாருங்கள். வாங்குபவருக்கு எட்டாத பொருளை அவர் கொண்டுவந்தார். பேரங்காடிப் போத்தல் எல்லா ஊரிலும் கிடைக்கும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிடைக்கும் பித்தளைக் குத்துவிளக்கும் கண்ணாடி வளையலும் கிளந்தானிலும் சபாவிலும் இருக்கும் நம்மவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒரே கடைக்காரரிடம் தொடர்ந்து வாங்கிப் பழகினால், மொத்த விலைக்குக் கேட்கலாம். சரக்கும் நிலையாகக் கிடைக்கும்.

தொடங்குகிறவர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, பிறர் கேட்கும் விலையை மட்டும் பார்க்காமல், அந்த விலைக்கு எத்தனை விற்றிருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, முதலில் இரண்டு மூன்று மட்டும் வாங்கி விற்றுப் பாருங்கள். மூன்றாவது, பெரிய பெட்டி வேண்டாம். எடை குறைவாக இருந்தாலும் பெட்டியின் அளவைப் பார்த்து அனுப்பும் கட்டணம் போடுவார்கள்.

நான்காவது, சட்டத்தை மதியுங்கள். 1956-ஆம் ஆண்டின் வியாபாரப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. போலிப் பொருளை விற்பது குற்றம். சுகாதார அமைச்சிடம் பதியாத மருந்தையும், அறிவிக்கப்படாத முகப்பூச்சையும் தொடாதீர்கள். அரசாங்க உதவித்தொகை பெறும் பாக்கெட் சமையல் எண்ணெயை வாங்கிக் குவித்து விற்கக் கூடாது. வாங்கிய ரசீதுகளை 7 ஆண்டு பத்திரப்படுத்துங்கள். வருமான வரிக்குத் தேவைப்படும்.

ஐந்தாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாங்கிய விலை, கழிவு, பெட்டி, எண்ணெய், திரும்பி வந்தது, விற்காமல் வீட்டில் கிடப்பது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "அம்மா, அப்பாவின் சேமநிதி அவருடைய முதுமைக்குச் சோறு. அதைத் தொட வேண்டாம். மகன் ஆலை வேலையை விடாமல், ஓய்வு நேரத்தில் ஆறு மாதம் விற்கட்டும். ஆறு மாதமும் நோட்டுப் புத்தகத்தில் சம்பளத்துக்கு ஈடான மீதி நின்றால், மூன்று மாதச் செலவுக்குப் பணமும் கையில் இருந்தால், அப்போது யோசிக்கலாம்."

அடுத்த வாரம் மகனே வந்தார், கையில் புது நோட்டுப் புத்தகத்துடன். முதல் பக்கத்துக் கணக்கை இருவரும் சேர்ந்து கூட்டினோம். மீதி 38 வெள்ளி. "இவ்வளவுதானா, சார்?" என்றார். "ஆமாம் தம்பி. ஆனால் இது உண்மையான 38 வெள்ளி" என்றேன். அவர் இன்னும் ஆலைக்குப் போகிறார்; நோட்டையும் எழுதுகிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விற்கத் தொடங்கினால் தடுக்காதீர்கள். கணக்கை மட்டும் கேளுங்கள்.