பிளவக்கல் தண்ணீரும் வெளிநாட்டுக் கடனும்

'உலக வங்கி நிதியுதவியுடன்' என்று எழுதிய பலகைகளைக் கண்மாய்க் கரையிலும் கால்வாய் மதகிலும் நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்தப் பணம் இனாமா, கடனா, கடன் என்றால் கட்டுவது யார் என்று உறுப்பினர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. வளரும் நாடுகளுக்கான சர்வதேச உதவி என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே மாதிரியான கொடுக்கல் வாங்கல் அல்ல. சில சமயம் சரக்காக வரும், சில சமயம் கடனாக வரும். சில சமயம் நம் ஊர்ச் சரக்கே நிவாரணமாக வெளியே போகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வியாபாரியின் கண்ணோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிளவக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு அணைகள் சேர்ந்ததுதான் பிளவக்கல். பெரியாறு அணையின் முழு உயரம் 47 அடிக்குச் சற்று மேல். கோவிலாறு அணை 42 அடிக்குச் சற்று மேல். (முல்லைப் பெரியாறு வேறு, இது வேறு. வெளியூர் வியாபாரிகள் இன்றும் குழப்பிக் கொள்கிறார்கள்.) இவை அர்ச்சுனா நதியின் தலைமாட்டில் இருப்பவை. வத்திராயிருப்பு வட்டாரத்தில் இந்தத் தண்ணீரை எதிர்பார்த்து 40 கண்மாய்கள் இருக்கின்றன. அணை நீர் பெரும்பாலும் நேரே வயலுக்குப் போவதில்லை. கண்மாயை நிரப்பி, கண்மாய் மடை வழியாகத்தான் வயலுக்குப் போகிறது. ஆகவே அணை நிரம்பினால் மட்டும் போதாது. வரத்துக் கால்வாயும் மடையும் கலுங்கும் சரியாக இருந்தால்தான் நெல் விளையும். 2025-இல் கூமாப்பட்டியைப் பற்றிச் செல்போன் காணொளிகள் பரவி, அணையைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் திரண்டது. வந்தவர்கள் அணையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்மாய் மடையை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நமக்கு மடைதான் முக்கியம். உரக்கடையில் விதையும் யூரியாவும் பற்றில் போகின்றன. மளிகைச் சிட்டை அறுப்பு வரை நீளுகிறது. ஜவுளி, பாத்திரம், சிமெண்ட், கம்பி, அடகு மீட்பு எல்லாம் தை மாத வசூலை நம்பி நிற்கின்றன. கண்மாய் பாதி நிரம்பிய வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு கடைத்தெருவின் பேரேட்டில் நிலுவை எவ்வளவு ஏறுகிறது என்பதை யாரும் கூட்டிப் பார்த்து வெளியிடுவதில்லை. அவரவர் கல்லாவுக்குத் தெரியும்.

இனி உதவியின் கதைக்கு வருவோம். ஐம்பது, அறுபதுகளில் உதவி என்றால் கப்பலில் வந்த கோதுமை. அமெரிக்காவின் பொதுச் சட்டம் 480, அதாவது பி.எல். 480, 1954-இல் இயற்றப்பட்டது. 1956-இல் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. மூத்த உறுப்பினர்களுக்கு ரேஷன் கோதுமையும், பள்ளிக்கூடத்தில் 'கேர்' நிறுவனத்தின் பால் பவுடரும் உப்புமாவும் நினைவிருக்கும். விருதுநகர் தந்த காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திற்கு அறுபதுகளில் கேர் கை கொடுத்தது. அந்தச் சரக்கு பல லட்சம் குழந்தைகளின் வயிற்றை நிரப்பியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பி.எல். 480 கோதுமையின் பெரும்பகுதி இனாம் அல்ல. அதற்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்து கிடந்தது. கடைசியில் 1974-இல் அமெரிக்கத் தூதர் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதி இந்தியாவிடம் கொடுத்துக் கணக்கை ஓரளவு நேர் செய்தார். மலிவுக் கோதுமை குவிந்தபோது உள்நாட்டு உழவருக்கும் மண்டிக்கும் விலை கிடைக்கவில்லை என்ற வாதம் அன்றே எழுந்தது. பொருளாதார அறிஞர்களிடையே அது இன்னும் தீரவில்லை. எங்கள் எண்ணம் இதுதான்: பஞ்ச காலத்தில் கப்பல் சரக்கு உயிர் காக்கும். பஞ்சம் தீர்ந்த பிறகும் அது தொடர்ந்து வந்தால் மண்டி படுத்துவிடும்.

இதை உணர்ந்துதான் பிற்காலத்தில் உதவி நிறுவனங்கள் வழியை மாற்றிக்கொண்டன. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பல நாடுகளில் மூட்டைக்குப் பதில் பணமோ அட்டையோ கொடுக்கிறது. லெபனானில் சிரியா அகதிகளுக்கு மின்னட்டை கொடுத்து, ஒப்பந்தம் செய்துகொண்ட உள்ளூர் மளிகைக் கடைகளிலேயே சாமான் வாங்க வைத்தார்கள். அகதிக்கும் வேண்டியது கிடைத்தது, கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்தது. நிவாரணத்தில் சில்லறைக் கடைக்கும் இடம் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோதுமைக் கப்பலை எதிர்பார்த்த நாடு இன்று கப்பல் அனுப்பவும் செய்கிறது. 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் என்று மொத்தம் சுமார் 123 கோடி ரூபாய் மதிப்புள்ள பொருள்களை அறிவித்து, மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. அரிசியும் மருந்தும் எங்கோ ஒருவரிடம் விலைக்கு வாங்கியவைதானே. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத் தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் இத்தகைய கொள்முதலில் வாய்ப்பு உண்டு. ஐ.நா. அமைப்புகள் பொதுக் கொள்முதல் தளம் ஒன்றில் விற்பனையாளர்களைப் பதிவு செய்துகொள்கின்றன. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஐ.நா. பெயரைச் சொல்லி ஆர்டர் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி என்றே கொள்ளவும். மருத்துவத் துணிக்குத் தரச் சான்றும், ஒரே தரத்தில் தொடர்ந்து கொடுக்கும் சக்தியும் கேட்பார்கள். சிறு தறிக்காரர் தனியாகப் போவதைவிடக் கூட்டாகப் போவது நல்லது.

மறுபடி பிளவக்கலுக்கு வருவோம். பலகையில் எழுதியிருப்பது மூன்றாவது வகை, அதாவது கடன். தமிழ்நாடு நீர்வள நிலவளத் திட்டத்துக்கு உலக வங்கி 2007 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மொத்த மதிப்பீடு 2,547 கோடி ரூபாய். அதில் உலக வங்கியின் பங்கு 48.5 கோடி டாலர். மாநிலத்தின் 60-க்கும் மேற்பட்ட உபவடிநிலங்களை எடுத்துக்கொண்ட அத்திட்டத்தில் அர்ச்சுனா நதி உபவடிநிலம் முதல் கட்டத்திலேயே சேர்ந்தது. கால்வாய், மதகு, ஷட்டர், கண்மாய்க் கரை ஆகியவற்றைச் சீரமைப்பதோடு, ஒற்றை நாற்று நடவு, சொட்டுநீர்ப் பாசனம், மீன் வளர்ப்பு, விளைபொருள் விற்பனை என்று பல துறை வேலைகளை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது அதன் சிறப்பு. 2015-இல் அது முடிந்தது. அடுத்து 2017-இல் 31.8 கோடி டாலர் கடனுடன் நீர்ப்பாசன விவசாய நவீனமயமாக்கல் திட்டம் வந்தது.

'நிதியுதவி' என்ற சொல் ஆளை ஏமாற்றும். 48.5 கோடி டாலரில் 33.5 கோடி, சந்தை நிலவரத்தையொட்டி வட்டி கட்ட வேண்டிய கடன். மீதி 15 கோடி மென்கடன். இதற்கு வட்டி என்று இல்லை. ஆண்டுக்கு முக்கால் சதவீதம் சேவைக் கட்டணம், முதல் 10 ஆண்டுகளுக்கு அசல் தவணை கிடையாது, மொத்தத் தவணைக் காலம் 35 ஆண்டுகள். ஏழை நாடுகளுக்கென்று வைத்திருக்கும் இந்த மென்கடன் வரம்பை இந்தியா 2014-இல் தாண்டிவிட்டது. சில ஆண்டு இடைக்கால ஒதுக்கீட்டுக்குப் பிறகு அந்தச் சலுகைக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது.

பணம் வரும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியதே. உலக வங்கி மொத்தமாகப் பணத்தைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. மாநிலம் முதலில் செலவு செய்து, கணக்குக் காட்டி, டெல்லி வழியாகத் திரும்பப் பெறுகிறது. 2005 முதல் வெளிநாட்டுக் கடன்களை மத்திய அரசு அதே நிபந்தனையோடு மாநிலத்தின் தலையில் வைக்கிறது. எனவே டாலர் விலை ஏறினால் நஷ்டமும் மாநிலத்துக்கே. 2007 ஜனவரியில் ஒரு டாலர் 44 ரூபாய் அளவில் இருந்தது. இப்போது 80-ஐத் தாண்டி வெகு காலமாயிற்று. அன்று 44 ரூபாய்க்குப் போட்ட சிமெண்டுக்கு இன்று இரட்டிப்புக்கு நெருக்கமாக அசல் கட்டுகிறோம். கட்டுவது நாம் செலுத்தும் வரியிலிருந்துதான் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இதனால் கடன் வாங்கியது தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பட்டறை வைக்கக் கடன் வாங்காத வியாபாரி யார்? அந்தக் கடனில் வாங்கிய பொருள் தவணை முடியும் வரை உழைக்கிறதா என்பதைத்தான் நாம் பார்ப்போம். 2007 மென்கடனின் தவணை 2040-ஐத் தாண்டியும் ஓடும். அந்தப் பணத்தில் போட்ட ஷட்டர் 2040 வரை ஏறி இறங்குமா? கிரீஸ் போடாத திருகு நாலைந்து மழைக்குத் துருப்பிடித்து நின்றுவிடும். வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேல் முளைத்து மூன்று வருஷம் கவனிக்காவிட்டால் கால்வாய் இருந்த இடம் தெரியாது. கட்டுவது, கைவிடுவது, மறுபடி கடன் வாங்கிக் கட்டுவது என்ற இந்தச் சுழலை இந்திய நீர்ப்பாசனத்தின் பெரிய நோயாக உலக வங்கியே 2005-இல் தன் அறிக்கையில் குறிப்பிட்டது.

ஐ.நா. சபை 2015-இல் 17 இலக்குகளை வகுத்து, 2030-க்குள் எட்ட வேண்டும் என்றது. 'நீடித்த வளர்ச்சி' என்பது அவற்றின் பொதுப் பெயர். நம் பாஷையில் சொன்னால், முதலைத் தின்னாமல் லாபத்தில் குடும்பம் நடத்துவது. கண்மாய் நம் முதல். தேய்மானத்துக்கு ஒதுக்காமல் லாபம் காட்டும் கணக்கை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். திட்டப் பணத்தில் பெரும்பகுதி கட்டுமானத்துக்குப் போகிறது; திட்டம் முடிந்த மறுநாள் பராமரிப்பு, பொதுப்பணி வரவு செலவில் ஒரு சிறு வரியாகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

பராமரிப்பில் உழவருக்கும் பங்கு கொடுக்கவே தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டு பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் இயற்றி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. நில உடைமையாளர்தான் அதில் வாக்காளர். கடைக்காரருக்கு வாக்கு இல்லை. அது முறைதான், தண்ணீர் முறையில் கடைத்தெரு தலையிடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பற்று கொடுத்தவன் என்ற முறையில் மடையின் நிலை என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். 2017-இல் மாநில அரசு குடிமராமத்தை மீண்டும் கொண்டுவந்தபோது, வேலை மதிப்பில் 10 சதவீதத்தை ஆயக்கட்டுதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று வைத்தது. சிறு உழவருக்கு அந்தப் பத்துப் பங்கும் பாரம். இத்தகைய வேலை வரும்போது சிமெண்ட், பெயிண்ட், கிரீஸ், இரும்புச் சாமான்களைக் கொள்முதல் விலைக்கே தர நம் இரும்புக்கடை உறுப்பினர்கள் முன்வரலாம். அதைத் தர்மக் கணக்கில் எழுத வேண்டாம், வசூல் செலவில் எழுதினாலே சரியாக இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். அதற்கு முன், ஆவணிக்குள், பற்று அதிகம் நிற்கும் ஊர்களின் கண்மாய்களை அந்தந்த ஊர் உழவர்களோடு ஒருமுறை நடந்து பார்த்து வர வேண்டும். எந்த மடையில் ஷட்டர் நகரவில்லை, எந்தக் கால்வாயில் தூர் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தலைவரிடம் ஒன்றும் நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் ஒன்றும் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளவும்.